முதல் வெட்டுக்காரர் நட்ட எண்ணூறு கன்றுகள்

கல்வராயன் மலையின் கிழக்குப் பக்கம் கரடிச்சரிவு என்றொரு இடம் இருக்கிறது. கரடி போய் நாற்பது வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அந்தச் சரிவில் நின்ற காட்டை வெட்டிச் சாய்த்தவரும், சாய்ந்த காட்டைத் திரும்ப நட்டவரும் ஒரே ஆள்தான். இரண்டுமே தினக்கூலி வேலை. ஒரு பிரச்சினையையும் அதன் தீர்வையும் ஒரே ஜோடிக் கையால் செய்துகொடுத்த மனிதரை மாநாட்டு மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தியிருக்க வேண்டும். ஏனோ யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே திரு. சின்னக்கண்ணு அவர்களின் வாழ்க்கைக் குறிப்பை நாமாவது எழுதி வைப்போம்.

பிறந்தது கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து ஆலம்பள்ளத்தில். பிறந்த வருஷம் பற்றி அவருடைய ஆதார் அட்டைக்கும் வாக்காளர் அட்டைக்கும் ஆறு வருஷம் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டிலும் படத்தில் இருப்பது அவர் இல்லை என்பதில் மட்டும் மனைவி காசியம்மாள் உறுதியாக இருந்தார். "இந்த மூஞ்சியப் பாத்திருந்தா நான் கட்டியே இருக்க மாட்டேன்" என்பது அவர் தரப்பு வாதம்.

நிலம் கிடையாது. வீடு புறம்போக்கில். பிள்ளை ஒன்றே ஒன்று, மலர்விழி. கல்யாணமாகிச் சின்னசேலம் பக்கம் போய்விட்டாள். சமவெளியில் வேலை இருந்தால் கரும்பு வெட்டுவார், கிழங்கு பிடுங்குவார். வேலை இல்லாத மாதங்களில் மலை ஏறுவார். மலையில் எப்போதும் ஒரு வேலை இருந்தது. அந்த வேலைக்கு அடிவாரத்தில் 'சுத்தம் பண்றது' என்று பெயர். மரம் இருக்கும் இடத்தை மரம் இல்லாத இடமாக ஆக்குவது. சட்டப்படி அதற்கு வேறு பெயர் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் கூலி வேலை நடக்காது.

சுத்தம் பண்ணும் கூட்டத்தில் சின்னக்கண்ணுவுக்குத் தனிப் பதவி உண்டு. அவர் முதல் வெட்டுக்காரர். மரத்தின் சாபம் முதல் வெட்டு போட்ட கையோடு போய்விடும், இரண்டாவது வெட்டிலிருந்து அது வெறும் வேலைதான் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ரம்ப மெஷின் வந்த பிறகும் இது மாறவில்லை. கயிற்றை இழுத்து மெஷினைக் கிளப்புவதற்கு முன்னால் ஒருவர் கோடரியால் ஒரு வெட்டு போட்டாக வேண்டும். மற்றவர்கள் அதுவரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி பற்றவைப்பார்கள். சாபத்தை வாங்கிக்கொள்ள ஒருவர், வேலையைச் செய்ய ஆறு பேர். பெரிய பெரிய அலுவலகங்களில் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிற நிர்வாக முறை அது.

முதல் வெட்டுக்கு முன் மரத்தைத் தொட்டு மூன்று வார்த்தை சொல்ல வேண்டும். "இங்க உன் காலம் முடிஞ்சிது. போய் வேற எடத்துல மொளச்சிக்க. எடம் நான் காட்டறேன்." கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போடுகிற மாதிரி இதையும் மற்ற கூட்டத்து முதல் வெட்டுக்காரர்கள் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். சின்னக்கண்ணு மட்டும் கடைசி வார்த்தையை வாக்கு என்று எடுத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய தவறு அதுதான் என்று சொல்லலாம். இரண்டாவது ஒன்றும் உண்டு. அது பிறகு வரும்.

முதல் வெட்டு போட்ட ஒவ்வொரு மரத்துக்கும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு புளியங்கொட்டையை அந்தந்தச் சரிவுக்கென்று வைத்த கலயத்தில் போட்டுவைப்பார்.

"இன்னாய்யா, பல்லாங்குழி ஆடப் போறியா?" என்றார் காசியம்மாள், கல்யாணமான புதிதில்.

"எடம் காட்டறேன்னு சொல்லியிருக்கேன். எத்தினி மரம்னு தெரிய வாணாமா?"

"நாமளே பொறம்போக்குல குந்திக்கினு இருக்கறோம். இவரு மரத்துக்கு எடம் காட்டப் போறாராம். போ, போயி பஞ்சாயத்துல மனு குடு."

ஒரு ஐப்பசி மாதம், ஐந்து நாள் விடாத மழை. வீட்டில் வறுக்க வேறொன்றும் இல்லை. காசியம்மாள் கரடிச்சரிவுக் கலயத்திலிருந்து ஒரு கை அள்ளி வறுத்துத் தின்றுவிட்டார். சின்னக்கண்ணு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டார்.

"எத்தினி தின்ன?"

"வாயில போட்டுக்கினே எவளாவது எண்ணுவாளா?"

ஆகவே கரடிச்சரிவின் மரக் கணக்கு அறுநூற்றுப் பதினொன்றும் காசியம்மாள் தின்றதும் என்று ஆயிற்று.

கரடிச்சரிவைச் சுத்தம் பண்ணச் சொன்னவர் இளவரசன். சின்னசேலத்துக்காரர், மரவள்ளிக் கிழங்கு வாங்கி ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஏற்றி அனுப்புகிற பெரிய கை. சரிவு தன் தாத்தா அனுபவித்த இடம் என்றார். தாத்தா மலை ஏறி யாரும் பார்த்ததில்லை. ஆனால் அனுபவம் என்பது மனசு சம்பந்தப்பட்டது. வேங்கை, கருமருது, நாவல், கடுக்காய் என்று நின்றதெல்லாம் இரண்டு கோடையில் போயின. மரவள்ளி வந்தது. முதல் சில வருஷம் கிழங்கு தொடை தண்டிக்கு விழுந்தது. அப்புறம் மழை மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிவாரத்துக்கு இலவசமாகக் கொண்டுவந்து கொடுத்தது. ஓடையும் நின்றது. ஒன்பதாம் வருஷம் கிழங்கு விரல் தண்டிக்கு வந்தது. பத்தாம் வருஷம் இளவரசன் சரிவை மறந்துவிட்டார்.

அப்போதுதான் பசுமைப் பொருளாதாரம் வெள்ளை ஜீப்பில் ஏறி மலைக்கு வந்தது.

விஷயம் எளிமையானது. எங்கேயோ ஒரு நகரத்தில் ஆலைகள் புகை விடுகின்றன. அந்தப் புகைக்குப் பரிகாரமாக எங்கேயாவது மரம் நட்டுக் காட்ட வேண்டும். அப்படி நட்டுக் கொடுக்க 'நாளைய நிழல்' என்று ஒரு நிறுவனம் கிளம்பியிருந்தது. அதற்கு மொட்டை மலை ஒன்று தேவை. மொட்டை மலை வேண்டுமென்றால் மொட்டையடித்தவரிடம்தானே போக வேண்டும்? இளவரசன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டார். அடுத்த மாதமே அவர் பேருக்கு முன்னால் 'சூழல் காவலர்' என்று பேனர் வைத்தார்கள். பேனர் கட்ட இரண்டு இளம் வேப்பங்கிளை தேவைப்பட்டது; வெட்டிக்கொண்டார்கள்.

குழி வெட்ட ஆள் தேடினபோது இளவரசனுக்குச் சின்னக்கண்ணு ஞாபகம் வந்தது.

"இன்னா சின்னக்கண்ணு, அந்த எடம் ஒனக்குத் தெரியாததா? எண்ணூறு குழி. நட்டு முடிச்சதும் நீயே காவலுக்கு இருந்துக்க. மாசச் சம்பளம். பச்சை சட்டை தருவாங்க."

சின்னக்கண்ணு சட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இன்னா கன்னு மொதலாளி?" என்றார்.

"இருக்கற கன்னு."

"வேங்கை வேணுங்க. நாவல், மருது, கடுக்கா. அங்க இருந்தது அதாங்க."

"சரிய்யா, கேட்டுச் சொல்றேன். நீ இன்னா கல்யாணத்துக்குச் சீரா வாங்கற?"

வந்தன. எண்ணூறு கன்றுகளையும் சின்னக்கண்ணு தன் கையாலேயே நட்டார். குழி வெட்ட இருபது பேர் இருந்தார்கள். நடுவதற்கு யாரையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் குழியில் இறக்கி மண் அணைத்துவிட்டு, குனிந்து, "இதான் நான் சொன்ன எடம்" என்றார். அறுநூற்றுப் பதினொன்று வரைக்கும் பழைய மரங்களுக்கு. மிச்சம் காசியம்மாள் தின்றதற்கும், தின்றதற்கான அபராதத்துக்கும்.

"மூணு கோட தாண்டணும் மொதலாளி" என்று இளவரசனிடம் சொன்னார். "தாண்டிடுச்சின்னா வேரு பாறைக்குக் கீழ போயிடும். அப்புறம் யாரும் பாக்க வாணாம். அதுவரைக்கும் குச்சிதான்."

"போட்டோ புடிக்க ஒரு கோட போதும்யா" என்றார் இளவரசன். அவர் உண்மையே பேசுகிறவர்.

அன்றிலிருந்து சின்னக்கண்ணுவுக்கு உலகத்தில் ஒரே காரியம்தான். எண்ணூறும் மூன்று கோடை தாண்ட வேண்டும். ஓடை வற்றினதால் தண்ணீர் கீழே பாறைக்குழியிலிருந்து சுமக்க வேண்டும். குடத்தால் ஊற்றினால் சரிவில் ஓடிவிடுகிறது. அருவி பார்க்க வருகிறவர்கள் வீசிவிட்டுப் போகிற தண்ணீர் பாட்டில்களைப் பாதை நெடுகப் பொறுக்கினார். மூடியில் முள்ளால் ஒரு ஓட்டை. தண்ணீர் நிரப்பி வேர்ப்பக்கம் தலைகீழாகச் செருகிவைத்தால் ஒரு பகல் முழுக்கச் சொட்டும். முதல் கோடையில் எழுபத்திரண்டு போயின. மழை வந்ததும் விதை பொறுக்கி, தானே முளைக்கவைத்து, அந்த எழுபத்திரண்டு குழியையும் நிரப்பினார். இரண்டாம் கோடையில் ஒன்பதுதான் போயின. வளைந்து வளர்ந்த ஒரு நாவலுக்கு முட்டுக் கொடுத்தார். ஆடு இரண்டு தடவை கடித்தும் துளிர்த்த ஒரு வேங்கையை, "நீ காசியம்மா மாதிரி" என்று பாராட்டினார். காசியம்மாள் இதைக் கேள்விப்பட்டு, "கன்னுங்ககூடப் பேசற பேச்சுல பாதி வூட்ல பேசியிருந்தா நானும் துளுத்திருப்பேன்" என்றார்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது தவறு.

'நாளைய நிழல்' நிறுவனத்திலிருந்து அபிநயா என்ற பெண் வந்தாள். சென்னையில் படித்தவள், நல்ல மனசு. வெயிலில் சின்னக்கண்ணுவோடு சரிவு முழுக்க நடந்தாள். பாட்டில்களைப் பார்த்துக் கண் கலங்கினாள். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து கேட்டாள்.

"ஐயா, இங்க முன்னாடி என்னென்ன மரம் இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ஐம்பத்தெட்டு வயதிலோ அறுபத்துநாலு வயதிலோ, தனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி முதல்முறையாகச் சின்னக்கண்ணுவிடம் ஒருவர் கேள்வி கேட்டார். அவர் எழுந்து நின்றுகொண்டார். மேற்கு மூலையிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பாறைக்கிட்ட வேங்கை, மூணு பேர் கட்டிப்பிடிக்கணும். அதுக்குக் கீழ ரெட்டைக் கடுக்கா. அந்தப் பக்கம் கருமருது, அதுல தேனடை. உச்சி வெயிலில் தொடங்கியது பொழுது சாயும்வரை போயிற்று. நடுவில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"எப்படி ஐயா இவ்வளவு ஞாபகம் வெச்சிருக்கீங்க?"

"மொத வெட்டு எல்லாம் நான்தாம்மா போட்டது" என்றார் சின்னக்கண்ணு. பட்டம் வாங்கினவர்கள் கல்லூரிப் பெயரைச் சொல்கிற தோரணையில் சொன்னார்.

"யார் வெட்டச் சொன்னாங்க?"

"மொதலாளிதாம்மா."

அபிநயா இரண்டையும் எழுதிக்கொண்டாள். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். நூறு நாள் வேலைக்காகக் கற்றுக்கொண்ட கையெழுத்து. தலைமை அலுவலகத்தில் அதை அறிக்கையாக அச்சடித்தபோது 'உள்ளூர் மூத்தவரின் அரிய நினைவாற்றல்' என்ற தலைப்பில் முப்பத்தேழாம் பக்கம் வந்தது. அறுநூற்றுப் பதினொரு மரமும் வந்தது. முதல் வெட்டும் வந்தது. முதலாளி மட்டும் இடப் பற்றாக்குறையால் வரவில்லை.

மலையில் காடு அழிந்தது பற்றி யாரோ ஒருவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். நியாயமான மனு. வெட்டியது யார் என்று விசாரிக்க உத்தரவாயிற்று. வழக்கமாக இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஒரு தலைமுறை ஆகும். இந்தத் தடவை அந்தச் சிரமமே இல்லை. குற்றவாளி, குற்றம் நடந்த இடம், மரவாரியாக விவரம், கையெழுத்து எல்லாம் வழவழப்பான தாளில் படத்தோடு அச்சாகித் தயாராக இருந்தது. படத்தில் சின்னக்கண்ணு சிரித்துக்கொண்டிருந்தார்.

மாசிக் கடைசி. மூன்றாம் கோடை தொடங்குகிற நேரம். சின்னக்கண்ணுவைப் பிடித்துப்போக ஜீப் வருவதற்கு முந்தின நாள் இளவரசன் ஆலம்பள்ளத்துக்கே வந்தார். அவர் வாசலில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொல்ல நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே பேசினார்.

"கோர்ட்டு பேரு கேக்குது சின்னக்கண்ணு. நீ வெட்டலன்னு சொல்லப் போறியா?"

"வெட்டுனேங்க மொதலாளி."

"அவ்ளோதான். உள்ளதச் சொல்றதுல இன்னா கஷ்டம்? நான் வக்கீல் வெச்சி ஒன்ன வெளிய எடுத்துடறேன்."

காசியம்மாள் அடுப்படியிலிருந்து வந்தார். "வெட்டச் சொன்னவங்க பேரு இன்னான்னு கோர்ட்டு கேக்கலீங்களா?"

"இந்தாம்மா, ஆம்பளைங்க பேசிக்கினு இருக்கறோம்."

"பேசறதுக்குத்தான் ஆம்பள வேணும். உள்ள போயி இருக்கறதுக்கு எங்கூட்டுக்காரரு போதுமாக்கும்."

சின்னக்கண்ணு கையமர்த்தினார். அவருக்கு வேறு கவலை. "மொதலாளி, கன்னுக்குத் தண்ணி?"

"அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

"பாட்டிலு நாளுக்கொரு தபா ரொப்பணுங்க. நாவக்கன்னு வாடுனா மேல தெரியாது, எலைய மடக்கிப் பாக்கணும். இது கடைசிக் கோடைங்க."

"எழுதிக் குடுத்துடறேன்யா" என்றார் இளவரசன்.

நீதிபதி முன்னால் நிறுத்தியபோது, வெட்டியது உண்மையா என்று கேட்டார்கள். "வெட்டுனேங்க. நட்டும் இருக்கேங்க. இன்னும் ஒரு கோடதாங்க பாக்கி" என்றார் சின்னக்கண்ணு. முதல் வார்த்தை பதிவாயிற்று. பதினேழு நாள் உள்ளே இருந்தார். பிறகு ஜாமீன். இரண்டு நிபந்தனை: தினமும் காலையில் கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், மறு உத்தரவு வரும்வரை மலை எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. காட்டைக் காப்பாற்ற வேண்டுமல்லவா?

அன்று சாயங்காலம் அவர் காசியம்மாளிடம் ஒன்றுதான் கேட்டார். "நீ போயி ஊத்திட்டு வந்துடறியா?"

"எனக்கு முட்டி வலி" என்றார் காசியம்மாள். மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கோணியில் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

கரடிச்சரிவில் புதிதாக இரும்புக் கேட் போட்டிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் செழியன் என்ற முப்பது வயதுக்காரர். தியாகதுருகத்திலிருந்து வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

"உள்ள போவக் கூடாதுக்கா. கேஸ்ல இருக்கறவங்க வூட்டு ஆளுங்கள உடக் கூடாதுன்னு எழுதியே ஒட்டியிருக்காங்க, பாருங்க."

"நான் இன்னா மரத்தத் தூக்கிக்கினா போவப் போறேன்? தண்ணி ஊத்திட்டு வந்துடறேன் சாமி."

"எனக்குத் தெரியுதுக்கா. காமிரா வெச்சிருக்காங்க. என் வேல போயிடும்."

"அப்ப நீ ஊத்து."

செழியன் சங்கடப்பட்டார். "எனக்குக் கேட்டு வேலைக்கா. தண்ணி வேல வேற ஆளுன்னாங்க."

"எப்ப வருவாங்க அந்த வேற ஆளு?"

"சொல்லலக்கா."

செழியன் கெட்டவர் இல்லை. காசியம்மாள் கொண்டுவந்த பாட்டில்களை வாங்கிக் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பத்துப் பதினைந்து கன்றுக்கு ஊற்றினார். பங்குனிக் கடைசியில் கீழே பாறைக்குழியும் வற்றிவிட்டது. கையில் சுமந்து வருகிற இரண்டு பாட்டில் தண்ணீரில் எண்ணூறைக் காப்பாற்றும் திட்டம் எதுவும் பசுமைப் பொருளாதாரத்திலேயே இல்லை. அப்புறம் காசியம்மாள் தினமும் கேட்டுக்கு வெளியே, வெயிலில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பினார். வீட்டில் இருந்தால் சின்னக்கண்ணு கண்டுபிடித்துவிடுவாரே.

சாயங்காலம் சின்னக்கண்ணு கேள்வி கேட்பார். ஒவ்வொரு வரிசையாகக் கேட்பார்.

"மேல்வரிசை மருது?"

"மொழங்காலு ஒசரம்."

"அந்த வளைஞ்ச நாவ?"

"நிமிந்துடுச்சிய்யா. முட்ட எடுத்துட்டேன்."

"எடுக்காத, எடுக்காத. மழை வரட்டும்."

"சரி, நாளைக்கு வெச்சிடறேன்."

வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத காசியம்மாள் அந்தக் கோடையில் ஒரு காட்டையே வளர்த்தார். சித்திரையில் அதில் குயில் வந்து உட்கார்ந்தது. வைகாசியில் ஒரு பாம்புச் சட்டைகூடக் கிடந்தது. ஒரு நாள் மட்டும் வசமாக மாட்டிக்கொண்டார்.

"வேங்கை துளுத்திருக்குது. செப்புக் கலர்ல தளிரு."

"வேங்கைக்குத் தளிரு அந்தக் கலர்ல வராதே."

"வெயில்ல அப்பிடித் தெரிஞ்சிதுய்யா."

சின்னக்கண்ணு கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "வெயில்ல தெரியும்" என்றார்.

இடையில் ஒருநாள் பக்கத்து வீட்டு ஃபோனுக்கு அபிநயா கூப்பிட்டாள். சின்னக்கண்ணு கையெழுத்துப் போடக் கிளம்பிவிட்டிருந்தார்; காசியம்மாள் மலை பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அழுகைதான் முதலில் கேட்டது.

"அம்மா, நான் நல்லதுக்குத்தான் எழுதினேன். முதலாளி சொன்னார்ங்கறதையும் எழுதியிருந்தேன். அவங்க எடுத்துட்டாங்க. நோட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு, கோர்ட்ல குடுக்கறேன்."

"அழுவாத பாப்பா. நீ கேட்ட, அது சொல்லிச்சி. அத இதுக்கு மின்ன யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. அன்னிக்கு வூட்டுக்கு வந்து ஒரு சட்டி சோறு தின்னுச்சி." காசியம்மாள் குரலைத் தாழ்த்தினார். "நீ சொல்லி அந்தக் கேட்ட மட்டும் தொறந்து உடச் சொல்றியா? தண்ணி டேங்கருல ஒரே ஒரு லோடு..."

"நான் இப்ப அந்த வேலைல இல்லம்மா."

அபிநயா சொன்னபடியே நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அது கோப்பில் சேர்ந்தது. கோப்பு ஆவணியில் அசைந்தது. அதற்குள் ஆனியில் இளவரசனுக்குச் சென்னையில் ஒரு பசுமை விருது கொடுத்திருந்தார்கள். மூன்றாம் ஆண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு கன்றுகள் உயிரோடு உள்ளன என்று விருதுப் பத்திரத்தில் இருந்தது. ஆதாரமாக வைத்த படங்கள் போன வருஷம் எடுத்தவை. படத்தில் எல்லாமே உயிரோடுதான் இருந்தன.

ஆவணியில் நிபந்தனையைத் தளர்த்தினார்கள். மலைக்குப் போகலாம். வழக்கு அது பாட்டுக்கு நடக்கும். மறுநாள் விடிந்ததும் சின்னக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இன்னிக்கு வாணாம்யா. மழை வர மாதிரி இருக்குது" என்றார் காசியம்மாள்.

வானத்தில் மேகம் இல்லை. சின்னக்கண்ணுவும் மேலே பார்க்கவில்லை. "போய்ட்டு வந்துடறேன்" என்றார்.

செழியன் கேட்டைத் திறந்துவிட்டார். சின்னக்கண்ணு மேற்கு மூலையிலிருந்து வரிசை வரிசையாக நடந்தார். கரையான் தின்றது போக, ஆடு தின்றது போக, மிச்சம் நின்றவை குச்சிகள். பாட்டில்கள் மட்டும் செருகினபடியே தலைகீழாக நின்றன, வெயிலில் வெளுத்து. கேட்டுக்குப் பக்கத்தில் பதினொரு கன்று உயிரோடு இருந்தது. வளைந்த நாவல் முட்டோடு சேர்ந்து சாய்ந்து கிடந்தது. அதன் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை. அடுத்ததைக் கீறினார். மத்தியானம்வரை கீறிக்கொண்டே போனார்.

திரும்பும்போது செழியன் எழுந்து நின்றார். "பெரியவரே, ஒங்க சம்சாரம் தெனமும் வந்தாங்க. நான்தான் உடல. அதோ, அந்தக் கல்லுலதான் குந்திக்கினு இருப்பாங்க. பொழுது சாயற வரைக்கும்."

சின்னக்கண்ணு அந்தக் கல்லைப் பார்த்தார். நிழல் எதுவும் இல்லாத கல்.

வீட்டில் காசியம்மாள் எதிரே வரவில்லை. அடுப்பு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சின்னக்கண்ணு கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னாய்யா?" என்றார் காசியம்மாள் திரும்பாமலே.

"நாவ நிமிந்துதான் இருக்குது" என்றார் சின்னக்கண்ணு.

காசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் இறக்கவில்லை.

புரட்டாசியில் மறுபடி பசுமை வந்தது. வேறு நகரம், வேறு புகை, இன்னும் பெரிய திட்டம். இடம் அதே கரடிச்சரிவு. மொட்டையாக இருந்ததால் தேர்வாயிற்று. எண்ணூறு குழி. இளவரசனின் ஆள் வந்து, "பழைய குழிதான், மண்ணு பொதபொதன்னு இருக்கும், சீக்கிரம் ஆவும்" என்று கூப்பிட்டார். காவல் வேலை கிடையாது. கேஸ் இருப்பவருக்குப் பச்சைச் சட்டை தர முடியாது. வெறும் குழி வேலை. வீட்டில் அரிசி இல்லை. இரண்டு பேரும் போனார்கள்.

சின்னக்கண்ணு ஒவ்வொரு குழியாகக் கடப்பாறை போட்டார். காய்ந்த குச்சியை முதலில் கையால் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் வெட்டினார். மேஸ்திரி, "வீசிட்டுப் போய்யா, அதுக்கு இன்னா மரியாத" என்றார். அவர் வீசவில்லை. பின்னால் வந்த காசியம்மாள் அவற்றை ஒன்று சேர்த்துக்கொண்டே வந்தார். கடைசி நாள் பொழுது சாய்ந்தபோது எல்லாவற்றையும் நார் வைத்துக் கட்டினார். மூன்று வருஷத்துக் காடு மொத்தமும் ஒரே ஒரு தலைச்சுமைதான் இருந்தது. கனமும் இல்லை. சும்மாட்டை வைத்து ஒற்றைக் கையால் தூக்கித் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"இன்னாத்துக்கு?" என்றார் சின்னக்கண்ணு.

"இங்க கெடந்தா கரையான்தான் தின்னும். நம்ம வூட்டு அடுப்புக்காச்சும் வரட்டும்."

கேட்டில் செழியன் வழிமறித்தார். முகத்தைப் பார்க்காமல் கேட்டில் தொங்கிய தகர அட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. காட்டுலேர்ந்து வெறகு எடுத்துக்கினு போவக் கூடாது. புது ரூல்."

"இதா காடு?" என்றார் காசியம்மாள்.

செழியன் கண்ணை மட்டும் உயர்த்தினார். மேலே காமிரா இருந்தது.

காசியம்மாள் நகரவில்லை. சுமையை ஒரு கையால் பிடித்தபடி கேட்டுக்கு நேராக நின்றார். சின்னக்கண்ணு பக்கத்தில் வந்தார். காசியம்மாள் தலையிலிருந்து சுமையை இரண்டு கையாலும் எடுத்து, தூங்குகிற பிள்ளையை இறக்குகிற மாதிரி மெதுவாகக் கேட்டுக்கு உள்பக்கம் தரையில் வைத்தார். நார் தளர்ந்திருந்த இடத்தில் முடிச்சை இறுக்கிவிட்டார்.

"வா, பஸ்ஸு போயிடும்" என்றார்.